நாய்க்கு நட்ட கல்

பெங்களூர் கஸ்தூர்பா சாலையில் உள்ள அரசு அருங்காட்சியகம் 1865ஆம் ஆண்டில் தோன்றியது. சென்னை அருங்காட்சியகத்தின் முதற் பொறுப்பாளராக விளங்கிய எட்வர்டு பால்ஃபர் என்னும் மருத்துவரின் முயற்சியே இதற்கும் வித்தாயிற்று. இதன் சேகரிப்பில் ஆதகூர்க் கல் எனப்படும் நடுகல் ஒன்று உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வந்து இந்நகரில் வாழும் நமக்கு அக்கல்லோடு ஓர் உறவு இருக்கிறது. அது இன்பமான உறவு என்று சொல்ல இயலாது.

கி.பி. 949இல், அரக்கோணத்திற்கு அண்மையிலுள்ள தக்கோலத்தில் பெரும்போர் மூண்டது. ஒருபுறம் முதற் பராந்தக சோழனின் மைந்தன் இராசாதித்தன். மறுபுறம் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனும், அவனுக்குத் துணைநின்ற கங்க மன்னன் இரண்டாம் பூதுகனும். இராசாதித்தன் யானைமீது இருந்தவாறே உயிர்துறந்தான். சோழப் பேரரசு மீண்டும் தலைநிமிர ஒரு தலைமுறைக் காலத்திற்கு மேலாயிற்று. அப்போரைக் கன்னட மொழியில் கூறும் சான்றுதான் ஆதகூர்க் கல்.

ஆனால், அக்கல்லின் மேற்புறத்தில் செதுக்கப்பட்டிருப்பது மன்னனும் அல்லன், யானையும் அன்று. ஒரு நாயும் ஒரு காட்டுப்பன்றியும் ஒன்றையொன்று பற்றிப் பொருதும் காட்சியே அங்கு உள்ளது.

போரில் வீரம் காட்டிய மணலேரன் என்னும் வீரனை நோக்கி, வேண்டியதைக் கேள் என்றான் பூதுகன். அவன் கேட்டது, மன்னனிடமிருந்த காளி என்னும் வேட்டை நாயை. பின்னர் பெளதூரை அடுத்த குன்றில் காளி ஒரு பெரும் பன்றியோடு மோத, இரண்டும் மாண்டன. காளிக்காக ஆதகூர்ச் சிவன் கோயிலின் முன்னே கல் நாட்டினர், நிலமும் விட்டனர். அந்நிலத்தை நிருவகிக்கும் பூசகர், கல்லுக்கு வழிபாடு செய்யாமல் உணவு உண்பாராயின், நாயின் பாவம் அவரைச் சாரும் என்றும் பொறித்து வைத்தனர்.

இவ்வழக்கம் கன்னட நாட்டிற்கு மட்டும் உரியதன்று. திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில், அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட, மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் இருக்கிறது. எருமைகளைக் காத்து உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்பானோடு, கள்வனைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயையும் அது பெயர் சொல்லிப் போற்றுகிறது. அரசியலில் பகைத்து நின்ற இரு நாட்டாரும், வாயில்லா ஓர் உயிருக்கு நன்றி காட்டுவதில் ஒத்து நின்றனர். நாய் மனிதனைக் காக்கும். மனிதன் நாய்க்குக் கடன்பட்டவன் என்பதே இரு கற்களும் உரைக்கும் பொருள்.

இவ்வுறவின் நடுவே நீண்ட காலம் ஓர் அச்சமும் நின்றது. அதுவே வெறிநாய்க்கடி நோய். அதன் அறிகுறிகள் தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது மிக மிக அரிது; இன்றும் நிலை அதுவே. 1885 ஜூலையில் பாரிசில், கடியுண்ட ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்கு லூயி பாஸ்டர் தடுப்பு மருந்து செலுத்தி அவனைக் காத்தார். இந்தியாவில் 1900ஆம் ஆண்டில் இமயமலைச் சாரலின் கசௌலியில் பாஸ்டர் நிலையம் அமைந்தது. கடியுண்ட தென்னாட்டார் அத்தனை தொலைவு செல்வது எளிதா? நாள்கள் கழியக் கழிய ஆபத்து பெருகும் நோயன்றோ இது! 1907இல் நீலகிரியின் குன்னூரில் தென்னிந்தியாவிற்கென ஒரு நிலையம் தோன்றிய பின்னரே அத்துயர் தணிந்தது. செம்மறியாட்டின் மூளைத் திசுவிலிருந்து செய்த மருந்தை வயிற்றில் நாள்தோறும் ஊசியாகப் போட்ட முறையைப் பெரியோர் பலர் மறந்திருக்கமாட்டார்கள். அம்மருந்தின் உற்பத்தி 2004ஆம் ஆண்டோடு நம் நாட்டில் நின்றது. இன்றைய தடுப்பு மருந்து கையிலேயே செலுத்தப்படுகிறது.

இனி நம் இல்லத்திற்கு வருவோம். காளி காட்டில் ஓடியது; கோவிவன் தொழுவத்தில் படுத்திருந்தது. நம் முன்னோர் வீட்டு நாயும் திண்ணையைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. இன்று பெங்களூரின் அடுக்குமாடி வீட்டில் நாய்க்குட்டி நம்மோடு கூடத்தில் உறங்குகிறது. காவல் வேலை குறைந்தது. ஆபத்தோ வீட்டுக்குள் புகுந்தது. காளிக்குப் பன்றி எப்படியோ, அப்படி இக்குட்டிக்கு மின்கம்பியும் மாடிக் கம்பியிடை வெளியும் ஆகும்.

ஆதலின் குட்டி வருமுன்னரே வீட்டை ஒருமுறை அதன் கண்மட்டத்திற்குக் குனிந்து பார்த்தல் நலம். கடிக்கத்தக்க மின்கம்பிகளை மறைக்கவேண்டும். மாடி முகப்பின் இடைவெளிகளை வலையிட்டு அடைக்கவேண்டும். எலிப்பாஷாணம், அந்துருண்டை, கொசுவர்த்திச் சுருள், மாத்திரைகள் ஆகியவை எட்டாத உயரத்தில் இருக்கட்டும். பூசைக்கு வைத்த அரளிச் செடியும் நஞ்சே. சாக்லேட், திராட்சை, வெங்காயம் ஆகியன நமக்கு உணவு, நாய்க்குக் கேடு. வேகவைத்த கோழி எலும்பு சிம்பாகப் பிளந்து குடலைக் கிழிக்கக்கூடும்.

கண்ணுக்குத் தெரியாத பகையும் உண்டு. 1978இல் முதன்முதலாக இனங்காணப்பட்ட பார்வோ என்னும் நச்சுயிரி, இரண்டே ஆண்டுகளில் உலகெங்கும் பரவிக் குட்டிகளை மாய்த்தது. அது தரையில் பல மாதங்கள் உயிர்ப்போடு இருக்கவல்லது. அந்நோயால் ஒரு குட்டி இறந்த வீட்டில், வெளுப்புத்தூள் கரைசலால் தரையைத் தூய்மை செய்யாமல் வேறு குட்டியைக் கொணர்தல் தகாது. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசியும், மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும் போடுவது வழக்கம். அவை முடியும்வரை குட்டியைத் தெருவில் இறக்காதிருத்தல் நன்று. குட்டி கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவரை அணுகவேண்டும். கடியுண்டதைப் பெற்றோரிடம் மறைக்கக்கூடாது என்று குழந்தைகளுக்குச் சொல்லிவைத்தல் எல்லாவற்றினும் இன்றியமையாதது. வசவுக்கு அஞ்சி மறைத்த கடியே உயிரைக் குடிக்கும்.

நாய்க்கு உரியதைச் செய்யாமல் உண்பவனுக்குப் பாவம் என்று ஆதகூர்க் கல்லில் பொறித்தவர்கள், அக்கடனை அது இறந்த பின்னர்ச் செலுத்தினார்கள். அது நம் வாயிலில் கால்வைக்கும் முன்னரே செலுத்தும் வாய்ப்பு நமக்கு இருக்கிறது.