'பெயில்': சுமையிலிருந்து பிணைக்கு வந்த சொல்

நீதிமன்றச் செய்திகளில் அன்றாடம் இடம்பெறும் 'பெயில்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன் மொழியில் உள்ளது. அம்மொழியில் 'பாயுலுஸ்' என்றால் சுமை தூக்குபவர். 'பாயுலாரே' என்றால் சுமத்தல். இதிலிருந்து பழைய பிரெஞ்சு மொழியில் உருவான 'பாயே' என்ற வினைக்கு ஒப்படைத்தல், பொறுப்பேற்றல் என்ற பொருள்கள் அமைந்தன. காவலில் உள்ளவரை, அவர் குறித்த நாளில் ஆஜராவார் எனப் பொறுப்பேற்பவரிடம் ஒப்படைப்பதே ஆங்கிலச் சட்டத்தில் 'பெயில்' ஆனது.

நீதிமன்ற ஊழியரைக் குறிக்கும் 'பெய்லிஃப்' என்பதும் இதே வேரில் பிறந்தது. படகில் புகுந்த நீரை இறைத்து வெளியேற்றுவதும் 'பெயில்' எனப்படும். நீர் சுமக்கும் வாளியைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல் வழியாக அதுவும் அதே லத்தீன் வேரையே சென்றடைகிறது. கிரிக்கெட் ஸ்டம்புகளின் மேல் வைக்கப்படும் 'பெயில்' அகராதிகளில் தனிச்சொல்லாக இடம்பெறுகிறது.

தமிழில் வழங்கும் 'ஜாமீன்', உத்தரவாதம் அளிப்பவரைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. 'பிணை' என்பதற்குக் கட்டுதல் என்பது அடிப்படைப் பொருள்.

இச்சொல்லின் பொருள் உச்ச நீதிமன்றத்திலும் விவாதிக்கப்பட்டது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த கொத்தனார் மோதி ராமுக்கு ரூ.10,000-க்குப் பிணையாள் கோரப்பட்டது. அவருடைய சகோதரர் முன்வந்தபோதும், சொத்து வேறு மாவட்டத்தில் உள்ளது என்ற காரணத்தால் நடுவர் அதை ஏற்கவில்லை. 1978-இல் இவ்வழக்கை விசாரித்த நீதிபதி வி.ஆர்.கிருஷ்ண ஐயர், பிணையாள் இன்றி சொந்தப் பிணைப்பத்திரத்தில் விடுவிப்பதும் 'பெயில்' என்ற சொல்லில் அடங்கும் எனத் தீர்ப்பளித்தார். தென்மாநிலத்தவர் ஒருவர் தொலைதூரத்தில் கைதானால் உள்ளூர்ப் பிணையாளுக்கு எங்கே போவார் என்ற கேள்வியையும் அவர் எழுப்பினார்.

1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 'பெயில்' என்ற சொல்லுக்குத் தனி வரையறை இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 2-ஆவது பிரிவு அதை வரையறுக்கிறது: குற்றம் சாட்டப்பட்டவரோ சந்தேகிக்கப்படுபவரோ பத்திரம் எழுதிக் கொடுத்ததும், நிபந்தனைகளுடன் அவரைச் சட்டக் காவலிலிருந்து விடுவிப்பதே ஜாமீன். பிணையாள் இன்றி அளிக்கும் பத்திரத்தையும் பிணையாளுடன் அளிக்கும் பத்திரத்தையும் அப்பிரிவு வேறுபடுத்துகிறது.

இந்த வேறுபாடு ஏழைக் கைதிகளுக்கு முக்கியமானது. 479-ஆவது பிரிவின்படி, முன்பு தண்டனை பெறாத விசாரணைக் கைதி, குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்துவிட்டால், பிணையாள் இல்லாத பத்திரத்தின் பேரில் விடுவிக்கப்பட வேண்டும். மற்றவர்களுக்கு இவ்வரம்பு பாதிக் காலமாகும். அவர்கள் ஜாமீனில் விடுவிக்கப்படுவர். மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இச்சலுகை பொருந்தாது.