உறுப்புக் கொடையும் புற்றுநோய்க் கடத்தலும்

ஒருவருக்கு வந்த புற்றுநோய் இன்னொருவர் உடலில் பொதுவாக வேரூன்றாது; அயல் உயிரணுக்களை நோயெதிர்ப்பு ஆற்றல் கண்டறிந்து அழித்துவிடும். 1954இல் பாஸ்டனில் ஜோசப் மரே குழுவினர் செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று, உருவொத்த இரட்டையரிடையே நடந்ததால் அந்த ஆற்றலை அடக்க வேண்டியிருக்கவில்லை. 1960களில் அசதியோபிரின் போன்ற மருந்துகள் உறவற்றவரின் உறுப்பையும் உடல் ஏற்கச் செய்தபோதுதான் ஆபத்து பிறந்தது. சிறுநீரகத்தைக் காத்த மருந்து, அதற்குள் ஒளிந்திருந்த புற்றணுக்களையும் காத்தது. கொடையாளரின் நுரையீரல் புற்றுநோய் சிறுநீரகத்தோடு பெறுநரைச் சேர்ந்தது 1965இல் பதிவானது. 1968இல் வெளியான மற்றோர் அறிக்கை இன்னும் முக்கியமானது: மருந்தை நிறுத்தியதும், ஒட்டிவந்த புற்றையும் உடல் நிராகரித்தது. இந்நோயின் தன்மையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று இல்லை.

ஆனால் ஆபத்தின் அளவு நீண்டகாலம் தவறாகவே மதிப்பிடப்பட்டது. அறுவை மருத்துவர் இஸ்ரேல் பென் 1968இல் டென்வரில் தொடங்கிய மாற்றுறுப்புப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, புற்றுநோய் கொண்ட கொடையாளர்களிடம் உறுப்பு பெற்றோரில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோருக்கு நோய் தொற்றியிருந்தது. மருத்துவர்கள் தாமாக அனுப்பிய தகவல்களே அதில் சேர்ந்தன. கேடு விளைந்தால் எழுதுவார்கள், விளையாவிட்டால் யார் எழுதுவார்? அனைவரையும் கணக்கிட்ட பிரிட்டிஷ் ஆய்வு வேறு சித்திரம் தந்தது. 2001 முதல் 2010 வரை நடந்த 30,765 மாற்றுகளில் 15 பேருக்கே கொடையாளரின் புற்று கடத்தப்பட்டது. மூவர் அதனால் இறந்தனர். அந்தக் கொடையாளர் எவருக்கும் புற்று இருந்தது கொடை நேரத்தில் தெரிந்திருக்கவில்லை. ஆகவே, பழைய புற்றுநோய் வரலாறு உள்ளவர்களை ஒட்டுமொத்தமாக ஒதுக்கியிருந்தாலும் இந்த 15 பேரும் தப்பியிருக்க மாட்டார்கள்.

மூன்று உயிர் சிறிய எண்ணா என்று கேட்பது நியாயமே. பதினாறு ஆண்டுகளுக்கு முன் அகற்றப்பட்ட மெலனோமா என்னும் தோல் புற்றுநோய், சிறுநீரகம் வழியே பெறுநரைக் கொன்றதும் உண்மை. அந்நோய் கண்டவரின் உறுப்பை, எத்தனை ஆண்டு கழிந்தாலும், மறுப்பதே சரி. ஆனால் எல்லாப் புற்றும் மெலனோமா அல்ல. பிரிட்டனில் அதிக ஆபத்துள்ளவர்களாகப் பின்னர் வகைப்படுத்தப்பட்ட 61 கொடையாளர்களின் உறுப்பைப் பெற்ற 133 பேரில் ஒருவருக்கும் நோய் வரவில்லை. மருத்துவர்கள் தேர்ந்தெடுத்தே ஏற்றதால் இந்த எண்ணை எல்லோருக்கும் பொருத்த முடியாதுதான். ஆயினும், மறுத்திருந்தால் அந்த 133 பேரும் காத்திருப்புப் பட்டியலிலேயே நின்றிருப்பார்கள். அங்கும் மரணம் உண்டு. இந்த இரு ஆபத்துகளையும் நோயாளி முன் வைத்து அவர் இசைவைக் கேட்பதே முறை. மாற்றுக்குப் பின்னும் கண்காணிப்பு நீளவேண்டும்: 2007இல் ஒரே கொடையாளரின் மார்பகப் புற்று நால்வருக்குச் சென்றபோது, முதல் பெறுநருக்கு நோய் தெரிந்ததும் மற்றவர்களைச் சோதித்தார்கள், எதுவும் அகப்படவில்லை, ஆண்டுகள் கழித்தே வெளிப்பட்டது. மூவர் இறந்தனர். சிறுநீரகத்தை அகற்றி, நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தை நிறுத்தி, புற்றுக்கான சிகிச்சையும் பெற்ற ஒருவர் மட்டும் பிழைத்தார்.