பெயர் பொறிக்காத கைகள்

காவிரிக் கரையில் ஜேடர்பாளையத்துக்குப் போய்க் கேளுங்கள். ராஜவாய்க்காலை வெட்டுவித்தவர் அல்லாள இளைய நாயகர் என்று பெருமையோடு சொல்வார்கள். மண்வெட்டி பிடித்தவர்களின் பெயரைச் சொல்வாரில்லை. சென்னையில் கதீட்ரல் சாலைக்கே பெயர் தந்த புனித ஜார்ஜ் பேராலயத்தின் கதையும் இதுதான்.

ஆங்கிலேயர் தங்கள் வழிபாட்டுக்கென்று 1815-இல் எழுப்பிய கோயில் அது. வரைந்தவர் ஜேம்ஸ் கால்டுவெல். நம் ஒப்பிலக்கணக் கால்டுவெல் அல்லர், பட்டாளத்துப் பொறியாளர். கட்டுவித்தவர் தாமஸ் டி ஹாவிலாண்ட். 1816 ஜனவரி 6-ஆம் தேதி பிஷப் மிடில்டன் பிரதிஷ்டை செய்தார். 1835-இல் சென்னை தனி மறைமாவட்டமானதும் பேராலயமாயிற்று.

முகப்புத் தூண்களும் கூர்கோபுரமும் லண்டன் செயின்ட் மார்ட்டின் கோயிலின் சாயல். மேனி மட்டும் நம்முடையது. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி, நைய அரைத்து, பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளிங்காக்கும் வித்தை சென்னைக் கொத்தனாருக்குக் கைவந்தது. உள்ளே பிஷப் ஹீபருக்குச் சலவைக்கல்லில் நினைவுச் சிற்பம் இருக்கிறது. செதுக்கிய சாண்ட்ரேயின் பெயர் உலகுக்குத் தெரியும். சுவரைத் தேய்த்தவன் பெயர்?

1947 செப்டம்பர் 27-ஆம் தேதி, சுதந்திரம் வந்து 43-ஆம் நாள், ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டுகளும் தென்னிந்திய ஐக்கிய சபையாரும் இங்கேதான் கூடித் தென்னிந்தியத் திருச்சபையாக ஒன்றானார்கள். அன்றுதான் இது நம் கோயிலாயிற்று என்பார்கள். முதல் கூடை கிளிஞ்சல் சூளையில் விழுந்த அன்றே ஆகிவிட்டது என்பது என் கட்சி.