நான்கெல்லைக்கு உட்பட்டது

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் இரண்டு ஊர்களிலும் பிரசித்தமான வீடுகள் எவை என்று கேட்டால் மூன்றைச் சொல்வேன். மூன்றுமே விலைக்கு வராத வீடுகள். முதலாவது, பெரியாழ்வார் குடியிருந்த வீடு. ஆண்டாள் சந்நிதி இருக்குமிடமே அந்த வீடு என்பது ஐதீகம். இரண்டாவது, திருமலை நாயக்கருக்காக ஸ்ரீவில்லிபுத்தூரில் எழுந்த மாளிகை. 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட அந்த மன்னருக்குப் பிறகு எத்தனையோ காலம் கழித்து அதில் கோர்ட்டு நடந்தது. ராஜா வீட்டில் உட்கார்ந்துகொண்டு குடிமக்களின் வீட்டு வழக்குகளை விசாரித்தார்கள் என்றால் அந்தக் கட்டடத்துக்கே சிரிப்பு வந்திருக்கும். மூன்றாவது, ராஜபாளையத்தில் பி. எஸ். குமாரசாமி ராஜாவின் வீடு. 1949 முதல் 1952 வரை சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியாகவும், பின்னர் ஒரிஸ்ஸாவின் கவர்னராகவும் இருந்தவர் அவர். தம் வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார்.

மற்ற வீடுகள் எல்லாம் என்றைக்காவது ஒருநாள் விலைக்கு வரத்தான் செய்கின்றன. விலைக்கு வந்தும் விற்காமல் நிற்பவை அநேகம். திண்ணையில் தூசி படிந்து, பூட்டுத் துருப்பிடித்து, முற்றத்தில் ஆலங்கன்று முளைத்து நிற்கும் வீடுகளை ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சந்துகளில் பார்க்கலாம். வாங்க ஆள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ராஜபாளையத்தில் பணத்தை வைத்துக்கொண்டே இருக்கிறார்கள். பின் ஏன் விற்கவில்லை?

இதை எனக்கு ஒரு வாக்கியத்தில் விளக்கியவர் ஒரு வீட்டுத் தரகர். "அண்ணாச்சி, இங்கே வீட்டுக்குப் பஞ்சமில்லே. கையெழுத்துக்குத்தான் பஞ்சம்" என்றார்.

இரண்டு ஊர்களின் சரித்திரத்தையும் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொண்டால் அவர் சொன்னது விளங்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர். மாட வீதி, ரத வீதி, அதற்கப்பால் சந்துகள் என்று ஒழுங்காகப் பரவியது. 1894-லேயே முனிசிபாலிடி ஆகிவிட்டது. தேர் ஓடும் வீதியில் வீடு என்றால் ஒரு மதிப்பு. வீதியைவிட்டுத் தள்ளிப்போகப் போக மதிப்புக் குறையும். ஆனால் அந்த மதிப்பை ரூபாயாக மாற்ற முடிந்ததா என்பது வேறு விஷயம். அக்கிரகாரத்து வீடு அக்கிரகாரத்தாருக்கே போகவேண்டும், இன்ன ஜாதித் தெருவில் இன்னார்தான் வாங்கலாம் என்று நெடுங்காலம் ஒரு எழுதாத சட்டம் இருந்தது. சந்தை என்ற சொல்லையே அங்கே பிரயோகிக்கக் கூடாது. பத்துப் பேர் கேட்க வேண்டிய பொருளை இரண்டு பேர்தான் கேட்கலாம் என்றால் அதற்கு விலை எப்படி ஏறும்? அந்த எழுதாத சட்டத்தால் நஷ்டப்பட்டவர்களில், அதைக் கட்டிக் காத்தவர்களும் உண்டு என்பதுதான் வேடிக்கை.

ராஜபாளையத்தின் கதை வேறு. ஆந்திர தேசத்திலிருந்து வந்து குடியேறிய ராஜூக்கள் பழையபாளையம், சிங்கராஜாக்கோட்டை, சக்கராஜாக்கோட்டை என்று தங்கள் சாவடிகளைச் சுற்றிக் குடியிருந்தார்கள். அங்கேயும் தெருவுக்குத் தெரு எழுதாத சட்டம் இல்லாமலில்லை. ஆனால் 1927-ல் விருதுநகர்–தென்காசி ரயில் பாதை வந்தது. 1936-ல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லை ஆரம்பித்தார். ஐந்து வருஷத்தில், 1941-ல், ஊர் முனிசிபாலிடி ஆயிற்று. மில் சங்கு ஊதினால் சைக்கிள்கள் புறப்படும். சைக்கிளில் வருகிறவனுக்கு மாதாமாதம் சம்பளம். 1952-ல் பிராவிடெண்ட் பண்ட் சட்டம் வந்தபோது முதலில் அதற்குள் வந்த ஆறு தொழில்களில் ஜவுளியும் ஒன்று. அந்தப் பணத்திலிருந்து வீடு வாங்கவோ மனை வாங்கவோ எடுத்துக்கொள்ளலாம். ஊர்ப் பெரியவர் யாருடைய தயவும் இல்லாமல், நெல்லும் நகையும் அடகு வைக்காமல், நூல் நூற்றவன் வீட்டுக்காரன் ஆவதற்கு அதுதான் வழி. 2011 ஜனக்கணக்கில் ராஜபாளையம் 1,30,000-ஐத் தாண்டிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் 75,000-ஐச் சற்றே தாண்டி நின்றது.

ஆகவே, ஓர் ஊரில் வாங்குகிறவர்கள். அடுத்த ஊரில் வாரிசுகள். நடுவில் பத்திரம்.

பழைய வீட்டுப் பத்திரங்களைப் படிப்பதில் எனக்கு ஒரு பிரியம் உண்டு. நண்பர் ஒருவர் தம் குடும்பத்துப் பத்திரக் கட்டை ஒருநாள் என்னிடம் பிரித்துக் காட்டினார். வீடு ஓரடிகூட நகரவில்லை. ஜில்லா மட்டும் மாறிக்கொண்டே வருகிறது! முதல் பத்திரத்தில் திருநெல்வேலி ஜில்லா. 1910-க்குப் பிறகு இராமநாதபுரம் ஜில்லா. 1985-க்குப் பின் காமராஜர் மாவட்டம். 1997-க்குப் பின் விருதுநகர் மாவட்டம். நீளம் அகலம் முதலில் தச்சு முழத்தில் இருக்கிறது. ஒரு தச்சு முழம் 33 அங்குலம். பிறகு அடிக்கு வந்து, கடைசியில் சதுர மீட்டரில் நிற்கிறது. நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் என்று அடுக்கி, புதையல் முதல் கல் வரை எல்லாவற்றையும் வாங்குகிறவருக்கே விட்டுக்கொடுக்கிறது பழைய பத்திரம். பன்னிரண்டு முழ அகல வீட்டில் என்ன புதையல் கிடைக்கும் என்று எழுதினவர் யோசிக்கவில்லை.

1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டப்படி, நூறு ரூபாய்க்குக் குறைந்த சொத்தைப் பத்திரம் இல்லாமலே, சுவாதீனத்தைக் கொடுத்து விற்றுவிடலாம். அந்தக் காலத்தில் ஒரு சிறு மண்சுவர் வீடு நூறு ரூபாய்க்குள் அடங்கியிருக்கும். சாட்சிக்கு நாலு பேர், கையில் சாவி, முடிந்தது வியாபாரம். பல வீடுகளுக்கு மூலப்பத்திரம் இல்லாததற்கு இது ஒரு காரணம். சட்டத்தில் அந்த நூறு ரூபாய் இன்றும் மாறாமல் இருக்கிறது. நூறு ரூபாய்க்கு இன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் அரைக் கிலோ பால்கோவா வராது.

கோயிலூர்களுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. சில இடங்களில் சுவரும் கூரையும் குடியிருப்பவருடையது, தரை சுவாமியுடையது. அதற்கு அடிமனை வாடகை கட்டவேண்டும். 1959-ஆம் வருஷத்து அறநிலையச் சட்டப்படி, கமிஷனர் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை யாரும் கிரயம் செய்ய முடியாது. ஆகையால் கோயிலூரில் வீடு பார்க்கிறவன் முதலில் கூரையைப் பார்க்காமல் தரையைப் பார்க்கவேண்டும்.

இவையெல்லாம் சில்லறைச் சிக்கல்கள். கையெழுத்துக்கு வருகிறேன்.

நண்பரின் கட்டில் இருந்த மிகப் பழைய பத்திரத்தில் விற்றவர் ஒரே ஒருவர். குடும்பத் தலைவர் கையெழுத்துப் போட்டார்; தீர்ந்தது. அவருக்கு மனைவி இருந்தாளா, பெண்கள் இருந்தார்களா என்பதற்கு அதில் ஒரு வரி கிடையாது. 1937-ல் விதவைக்கு ஒரு பாத்தியம் வந்தது. ஆயுள் மட்டும் அனுபவிக்கலாம், விற்க முடியாது. 1956-ல் இந்து வாரிசுச் சட்டம் வந்து, தகப்பனார் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு கொடுத்தது. ஆனால் அதே சட்டத்தின் 23-ஆவது பிரிவு என்ன சொல்லிற்று தெரியுமா? குடும்பம் குடியிருக்கும் வீடாக இருந்தால், ஆண் வாரிசுகள் தங்களுக்குள் பிரித்துக்கொள்ள முன்வரும் வரையில் பெண் பாகம் கேட்கக்கூடாது. கல்யாணமாகாதவள், கைவிடப்பட்டவள், பிரிந்து வாழ்பவள், விதவை — இந்த மகள்கள் வேண்டுமானால் அங்கே வந்து தங்கிக்கொள்ளலாம். அதாவது வயலில் பங்கு கேட்கலாம், வாசலில் கேட்கக்கூடாது. ஆண்டாள் அரசாளும் ஊரிலும் இதுதான் சட்டம். 1989-ல் தமிழ்நாடு ஒரு திருத்தம் செய்தது. அதுவரை கல்யாணமாகாத மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை கிடைத்தது. 2005-ல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் அந்த உரிமையைக் கொடுத்து, 23-ஆவது பிரிவையும் எடுத்தெறிந்தது.

இந்த வருஷங்களைப் பத்திரக் கட்டிலேயே காணலாம். கையெழுத்துக்கள் பெருகிக்கொண்டே போகின்றன. தரகர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் வில்லங்கம். "வீடு நல்ல வீடு, நாலு தங்கச்சி வில்லங்கம்" என்று ஒருவர் சொல்ல என் காதால் கேட்டேன். தங்கை எப்படி வில்லங்கமாவாள்? கடன் வில்லங்கம், ஜப்தி வில்லங்கம். தங்கை பாத்தியஸ்தை. ஒரு பட்டுப் புடவையும் தாம்பூலமும் வைத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிய தலைமுறையின் பழக்கம் இன்னும் பேச்சில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு விற்பனையைச் சொல்கிறேன். ரத வீதிக்கு அடுத்த ஒரு சந்தில் வீடு. பெரியவர் உயில் எழுதாமல் காலமானார். இரண்டு பிள்ளைகள், இரண்டு பெண்கள். பெரிய பிள்ளை சென்னையில், சின்னவர் ஓசூரில், கடைசிப் பெண் பம்பாயில். மூத்த பெண் தகப்பனாருக்குப் பின் காலமாகிவிட்டாள். அவளுடைய பங்கு அவள் புருஷனுக்கும் மூன்று குழந்தைகளுக்கும் போயிற்று. ஆக, ஏழு கையெழுத்து. அந்த மூவரில் ஒருவன் அமெரிக்காவில். அவன் அங்கே நமது தூதரகத்தில் பவர் பத்திரம் எழுதி அனுப்ப, அதற்கு இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரை போடவேண்டும்.

வாங்க வந்தவர் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லிலிருந்து ஓய்வு பெற்றவர். பிராவிடெண்ட் பண்டும் கிராஜுவிடியும் கையில் இருந்தன. பெரிய பிள்ளையை நம்பி, ஒருவருடைய கையெழுத்தின்பேரில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். ஒத்திக்கு இருந்த வீட்டையும் காலி செய்வதாகச் சொல்லிவிட்டார். ஒத்தி என்பது நம் தெற்கத்தி ஜில்லாக்களில் ஏழைக்கும் நடுத்தரக்காரனுக்கும் உள்ள ஏற்பாடு. மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருந்து, போகும்போது தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்வது. சட்டப்படி அதைப் பதிவு செய்யவேண்டும்; பெரும்பாலும் முத்திரைத்தாளில் எழுதிப் பீரோவில் வைத்துக்கொள்கிறார்கள். அவரும் அப்படித்தான். அட்வான்ஸ் ஒருவரிடம், ஒத்திப் பணம் ஒருவரிடம், கையில் ஒன்றுமில்லை. பதினோரு மாதம் இப்படியே போயிற்று.

தடை பம்பாய்த் தங்கை. பொதிகை எக்ஸ்பிரஸில் காலையில் வந்து இறங்கி மாலையில் திரும்புவதாக ஏற்பாடு. அண்ணன்மார் வழக்கப்படி புடவை எடுத்து வைத்திருந்தார்கள். "புடவை இருக்கட்டும் அண்ணா. நாலில் ஒரு பாகம் எனக்கு வரணும். பத்திரத்திலே எழுதுகிற விலைக்கு இல்லே, வாங்குகிற விலைக்கு" என்றாள் அந்த அம்மாள். அண்ணாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. கல்யாணத்துக்குச் செய்தது, பிரசவத்துக்குச் செய்தது எல்லாம் பேச்சில் வந்தன. அன்று கையெழுத்தாகவில்லை; ரயில் அவளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

மில்காரரின் மனைவி அந்த அம்மாளின்மேல் கோபப்படுவாள் என்று நினைத்தேன். "அந்தம்மா கேட்டது நியாயம்தானே! எங்கிட்ட முதல்லயே அஞ்சாறு பேருன்னு சொல்லியிருந்தா நாங்க அஞ்சாறு பேர்கிட்டயும் பேசியிருப்போம்ல" என்றாள். சட்டப் புத்தகம் படித்த எவரும் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது.

இப்படித் தவித்தவர்கள் பழைய வீடே வேண்டாமென்று புது மனைப் பக்கம் போகிறார்கள். ராஜபாளையத்தைச் சுற்றித் தோப்பும் வயலுமாக இருந்த நிலங்களில் கல் நட்டு மனை விற்றார்கள். ஒரே சொந்தக்காரர், ஒரே கையெழுத்து, சுலபம். ஆனால் அங்கே வேறு பூதம். 2016 செப்டம்பரில் சென்னை ஹைகோர்ட், அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று உத்தரவு போட்டது. வாங்கினவர்கள் திகைத்துப்போனார்கள். 2017-ல் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்குள் விற்கப்பட்ட மனைகளைக் கட்டணம் கட்டி வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம் என்றார்கள்.

செலவும் சும்மா இல்லை. 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை நூற்றுக்கு 33 குறைத்த சர்க்கார், பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4 ஆக்கியது. 2023-ல் மதிப்பைப் பழையபடி ஏற்றி, கட்டணத்தை 2 ஆக்கியது. முத்திரைத் தீர்வை 7-ஐயும் சேர்த்தால் நூற்றுக்கு 9. இந்த ஒன்பதுக்குப் பயந்துதான் பத்திரத்தில் ஒரு விலையும் கையில் ஒரு விலையுமாக நடக்கிறது. அந்த இரண்டு விலைக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில்தான் பெரும்பாலும் தங்கையின் பங்கு விழுந்து காணாமல் போகிறது. பம்பாய் அம்மாள் அதைத் தெரிந்துதான் கேட்டிருக்கிறாள்.

கடைசியில் அண்ணன்மார் இறங்கி வந்தார்கள். முழு விலையும் பத்திரத்தில் ஏறியது. நாலு பாகத்துக்கு நாலு கணக்காகச் செக்குகள் போயின. தீர்வை கூடுதலாக ஆனதை வாங்கினவரும் விற்றவர்களும் பாதிப் பாதி ஏற்றார்கள். மில்காரர் பத்திரத்தைத் தம் மனைவியின் பெயரில் எழுதச் சொன்னார். 2025 ஏப்ரலிலிருந்து பெண் பெயரில் பத்து லட்சத்துக்குட்பட்ட சொத்து வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் ஒன்று குறைகிறது. அன்றைக்கு அந்தச் சலுகை கிடையாது. அப்படியும் அவள் பெயரில்தான் எழுதினார்.

சென்ற வருஷம் அதற்கு மேலண்டை வீடு கைமாறியது. அந்தப் பத்திரத்தையும் பார்த்தேன். நான்கெல்லை சொல்லுமிடத்தில், கிழக்கே என்று போட்டு, அவள் பெயர் இருக்கிறது.