ரிக்வுட் ஃபீல்ட்: ஒரு மைதானம், இரண்டு அணிகள்

மலருக்கு ஏதாவது சரித்திரம் எழுதுங்கள் என்றார்கள். கிரிக்கெட் பற்றி எழுத நம்மில் நிறையப் பேர் உண்டு. அதனால் நான் ஒரு பேஸ்பால் மைதானத்தைப் பற்றி எழுதுகிறேன்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பர்மிங்ஹாம் என்று ஓர் ஊர். இரும்புத் தாது, நிலக்கரி, சுண்ணாம்புக்கல் மூன்றும் பக்கத்திலேயே கிடைத்ததால் 1871-ல் உருவான எஃகு நகரம். இரும்பு ஆலை அதிபர் ரிக் உட்வர்ட் தன் 'பேரன்ஸ்' அணிக்காக இங்கே கட்டிய மைதானம்தான் ரிக்வுட் ஃபீல்ட். பேரன்ஸ் 'மைனர் லீக்' அணி. அதாவது, பெரிய லீக்குக்கு அடுத்த படியில் ஆடுவது. இந்த மாதிரி அணிகளுக்கு மரத்தில் காலரி கட்டுவதே வழக்கமாயிருந்த காலத்தில், ரிக்வுட் எஃகும் கான்கிரீட்டுமாக எழுந்தது. 18.8.1910 அன்று திறந்தார்கள். அந்த நாட்டில் இன்றும் நிற்கும் தொழில்முறை பேஸ்பால் மைதானங்களில் இதுவே மூத்தது.

கட்டடத்தை மட்டும் பாராட்டிவிட்டுப் போனால் பாதிக் கதைதான் சொன்னதாகும். வெள்ளையர்களின் பேரன்ஸ் வெளியூர் போயிருக்கும்போது, கறுப்பர்களின் 'பிளாக் பேரன்ஸ்' இதே மைதானத்தில் ஆடும். பேரன்ஸ் ஆட்டம் பார்க்க வரும் கறுப்பர்களுக்கு வலது கோடியில் தனி இடம். 1948-ல், பள்ளிக்கூடம் முடிக்காத 17 வயதுப் பையன் வில்லி மேஸ் பிளாக் பேரன்ஸுக்காக இங்கே ஆடினார். பிற்காலத்தில் பேஸ்பால் கண்ட மாபெரும் ஆட்டக்காரர்களில் ஒருவர் அவர்!

ஆனால் ஊர் மாறவில்லை. இரண்டு இனத்தாரும் சேர்ந்து சீட்டாடுவதும், பேஸ்பால் ஆடுவதும்கூடக் குற்றம் என்று 1950-ல் நகரசபை சட்டமே போட்டது. பேரன்ஸ் ஆடிய லீக் கறுப்பரைச் சேர்க்க மறுத்தது. 1961-டன் அதைக் கலைத்தும்விட்டார்கள். 1964-ல்தான் இரு இனத்தாரும் கலந்த அணியாக பேரன்ஸ் ரிக்வுட்டுக்குத் திரும்பியது.

1987-க்குப் பிறகு அணி வேறு மைதானத்துக்குப் போய்விட்டது. ரிக்வுட்டைக் காப்பாற்ற 1992-ல் ஆர்வலர்கள் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். 20.6.2024 அன்று பெரிய லீக் ஆட்டமே அங்கு நடந்தது. இரண்டு நாள் முன்புதான் வில்லி மேஸ் 93 வயதில் காலமாகியிருந்தார். 1967-ல் ரிக்வுட்டில் ஆடிய ரெஜி ஜாக்சன், அந்த ஊர் ஓட்டல்களும் சாப்பாட்டுக் கடைகளும் தன்னை விரட்டியதை அன்று டெலிவிஷனிலேயே சொன்னார். விழா நாளாச்சே என்று மழுப்பவில்லை.

ஜூனியர் தம்பி, தங்கைகளே, பழைய கட்டடத்தைப் பழுதுபார்க்க நமக்குச் சொல்லித்தருகிறார்கள். அதில் யாரை எங்கே உட்கார வைத்தார்கள் என்பதையும் சேர்த்துக் காப்பாற்றினால்தான் அது சரித்திரம். இல்லையென்றால் வெறும் எஃகும் கான்கிரீட்டும்தான்.