சுவருக்குள் கிடக்கும் அறுபதுகள்: பாலாநகர்க் காலமும் அலுமினிய மின்கம்பியும்

ஹைதராபாத்தின் பாலாநகர் ஆலைகளின் ஊராகவே அறியப்படுகிறது. சோவியத் உதவியுடன் எழுந்த இந்தியன் டிரக்ஸ் அண்ட் பார்மசூட்டிகல்ஸ் நிறுவனத்தின் செயற்கை மருந்து ஆலை, இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸின் விமான மின்னணுப் பிரிவு, 1968இல் தொடங்கிய மத்தியக் கருவி வடிவமைப்பு நிறுவனம் ஆகியவை ஒரே கொள்கையின் பிள்ளைகள்: அயல்நாட்டில் வாங்குவதை உள்நாட்டிலேயே செய்துகொள்வது. அக்கொள்கை ஆலை வாசலோடு நின்றுவிடவில்லை. அதே தலைமுறையில் நாடெங்கும் எழுந்த வீடுகளுக்குள்ளும் அது அலுமினிய மின்கம்பியாக நுழைந்தது.

பழைய வீட்டில் அலுமினியக் கம்பியைக் காண்பவர்கள் கட்டியவரின் கஞ்சத்தனத்தைப் பழிப்பது வழக்கம். அப்பழி பெரும்பாலும் தவறான இடத்தில் விழுகிறது. இந்தியாவில் செம்புத் தாது குறைவு. காட்சிலா, கேத்ரி போன்ற சில இடங்களே அதற்கு ஆதாரம். எஞ்சிய தேவைக்கு டாலர் வேண்டும். 1957இலேயே அந்நியச் செலாவணி நெருக்கடி தொடங்கிவிட்டது. 1966 ஜூனில் டாலரின் விலை 4.76 ரூபாயிலிருந்து 7.50 ரூபாய்க்கு ஏறியது. பாக்சைட்டோ தாராளமாக இருந்தது. 1943இல் ஆலுவாவிலும் 1962இல் ரேணுகூட்டிலும் அலுமினியம் உருக்கப்பட்டது. 1965இல் மேட்டூரும் சேர்ந்தது. அதற்கான பாக்சைட் சேர்வராயன் மலையிலிருந்து இறங்கியது. அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் செம்பினுடையதில் சுமார் 61 விழுக்காடுதான். ஆயினும் அது மிக இலேசானது. கம்பியைச் சற்றுத் தடிமனாக்கினாலும் எடை பாதியளவே வரும். ஐஎஸ் 694 என்ற இந்தியத் தரநிர்ணயம் இரு உலோகங்களுக்கும் இடமளித்தது. அன்றைய நிலையில் இது பொறுப்பான முடிவே.

அமெரிக்காவும் செம்பின் விலையேற்றத்தால் 1965 முதல் 1973 வரை இவ்வழியே சென்றது. அங்கே பாடம் கடுமையாக வந்தது. 1972க்கு முன் அலுமினியக் கம்பியிடப்பட்ட வீடுகளில் ஏதேனும் ஓர் இணைப்பு தீப்பிடிக்கும் நிலையை எட்டும் வாய்ப்பு, செம்புக் கம்பியிட்ட வீடுகளைவிட 55 மடங்கு அதிகம் என்று ஒரு நுகர்பொருள் பாதுகாப்பு ஆய்வு கண்டது. அந்த ஆய்வு பேசியது இணைப்புகளைப் பற்றி என்பதைக் கவனிக்க வேண்டும்.

சுவருக்குள் ஓடும் நீளத்தில் அலுமினியம் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். அதன் பகை திருகு முனையில் இருக்கிறது. காற்றுப் பட்டதும் அதன்மேல் படியும் ஆக்சைடு மின்னோட்டத்தைத் தடுக்கும். சூடேறும்போது பித்தளையைவிட அதிகமாக விரியும்; திருகின் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கி இளகும். இளகிய முனை மேலும் சூடாகும், சூடு மேலும் இளக்கும். இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியும் இருந்த காலத்தில் இது வெளியே தெரியவில்லை. அதே கம்பியில் வெந்நீர்க் கொதிகலனும் குளிர்சாதனமும் மாட்டப்பட்ட பிறகே சுவிட்சைச் சுற்றிக் கருகல் தோன்றியது.

அடையாளம் காண்பது கடினமன்று. மெயினை நிறுத்தி, சோதனை விளக்கால் மின்சாரம் இல்லையென உறுதிசெய்த பின், உரிமம் பெற்ற மின்பணியாளர் பீங்கான் ஃபியூஸின் முனையைப் பார்த்தாலே போதும்: வெள்ளி நிறத்தில் ஒற்றை இழையாக இருந்தால் பெரும்பாலும் அலுமினியம். ஈயம் பூசிய பழைய செம்பும் வெண்மையாகத் தோன்றும்; ஓரத்தைச் சுரண்டினால் சிவப்பு தெரிந்துவிடும். மரப்பட்டியில் தகரக் கிளிப் அடித்து ஓடும் கம்பியை முழுவதும் கழற்றிவிட்டுப் புதுக் குழாய் பதிக்க வேண்டும். குழாய்க்குள் இருப்பதானால், சிக்காமல் வருமிடத்தில், பழைய கம்பியின் நுனியில் புதியதைக் கட்டி இழுக்கலாம். செம்பையும் அலுமினியத்தையும் நேரே முறுக்கி நாடாவைச் சுற்றும் பழக்கமே யாவற்றிலும் கேடானது. ஈரம் பட்டால் அம்முடிச்சு அரித்துப்போகும். வாடகை வீடுகளில் பெரும்பாலும் நிகழ்வதும் அதுவே, ஏனெனில் முழு மாற்றத்தின் செலவு உரிமையாளருடையது, தீயின் அபாயமோ குடியிருப்பவருடையது.

1991க்குப் பின் இறக்குமதி தளர்ந்தது. 1996இல் தூத்துக்குடியில் செம்பு உருக்காலை வந்தது. வீட்டுக் கம்பி மீண்டும் செம்பாயிற்று. 2018இல் பதின்மூவர் துப்பாக்கிச் சூட்டில் இறந்த பின் அவ்வாலை மூடப்பட்டது. சுத்திகரித்த செம்பை இந்தியா மறுபடி நிகரமாக இறக்குமதி செய்யலாயிற்று. இதற்கிடையே பழைய வீடுகளில் உருவப்படும் அலுமினியம் எடைக்கு எடை காயலான் கடைக்குப் போகிறது. எந்த ஆண்டின் வீடு, எந்தத் தடிமன், யார் கம்பியிட்டார் என்ற குறிப்பேதும் அதனுடன் செல்வதில்லை.