காணியும் கமராவும்: ரூத் மவுண்டன்குரோவ் பார்த்த நாளைய ஊர்

"ஊரில இருந்தா வாழ ஏலாது, டவுனுக்குப் போனாத்தான் மூச்சு விடலாம்." குயர் வாழ்க்கை பற்றின கதைகளில் இது அடிக்கடி வரும் வரி. ஆனா 1970களில் அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் சில லெஸ்பியன் பெண்கள் இதுக்கு எதிர்த்திசையில் நடந்தார்கள். நகரங்களை விட்டுக் காட்டோரக் காணிகளுக்குப் போய், தாங்களே வீடு கட்டி, விறகு வெட்டி, சேர்ந்து வாழப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் புகைப்படக் கலைஞர் ரூத் மவுண்டன்குரோவ்.

1923இல் பிறந்த ரூத் கலியாணம் கட்டி, ஐந்து பிள்ளைகளைப் பெற்று, பிறகு விவாகரத்துப் பெற்றவர். துணைவி ஜீனோடு சேர்ந்து 1974இல் 'வுமன்ஸ்பிரிட்' என்ற சஞ்சிகையைத் தொடங்கிப் பத்து வருஷம் நடத்தினார். 1978இல் வுல்ஃப் கிரீக் பக்கம் 'ரூட்வர்க்ஸ்' என்ற காணியில் இருவரும் குடியேறினார்கள்.

அடுத்த வருஷமே அங்க பெண்களுக்கான புகைப்படப் பட்டறைகள் தொடங்கின. 'செமினார்' என்ற சொல்லின் லத்தீன் வேர் விதையையும் விந்தையும் குறிக்கும். அதனால கருமுட்டையைக் குறிக்கும் சொல்லிலிருந்து 'ஓவுலர்' என்று பகிடியாப் பேர் வைத்தார்கள். ஒருத்தி படம் எடுப்பாள், மற்றவள் நிற்பாள். பிறகு இடம் மாறுவார்கள். அந்தப் பட்டறைகளிலிருந்து 1981இல் 'தி பிளேட்டன்ட் இமேஜ்' என்ற புகைப்படச் சஞ்சிகையும் பிறந்தது.

காணியில் ஓர் இருட்டறையும் இருந்தது. அது ஏன் முக்கியம்? படச்சுருளைக் கடையில கழுவக் குடுத்தால் முன்பின் தெரியாத ஆக்கள் பார்ப்பார்கள். லெஸ்பியன் என்று தெரியவந்தால் வேலை போகலாம். நீதிமன்றம் பிள்ளைகளையே பறிக்கலாம். சொந்த இருட்டறை இருந்தால் யார் பார்க்கலாம் என்பதைப் படத்தில் நிற்கிறவர்களே தீர்மானிக்கலாம்.

இந்தப் பயத்துக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி கண்டார்கள். பட்டறைகளில் பங்கெடுத்த டீ கோரின், படத்தின் வெளிச்சத்தையும் இருளையும் தலைகீழாக்கி முகங்களை மறைத்தார். ஜோன் பைரன் 1979இல் தானே பதிப்பித்த 'ஐ டு ஐ' நூலில் லெஸ்பியன் பெண்களின் முகங்களைத் திறந்தே காட்டினார். முகம் காட்டச் சம்மதித்தவர்கள் எடுத்த துணிச்சல் சின்னதில்லை.

ரூத்தின் படங்களில் மரங்களுக்கு நடுவில், கையில் கமராவோடு, கூச்சமில்லாமல் நிற்கும் பெண்கள் இருக்கிறார்கள். இப்படியொரு ஊரை அவர்கள் முன்னர் எந்தப் படத்திலும் கண்டதில்லை. எனவே வாழ ஆசைப்பட்ட வாழ்க்கையை முதலில் படமாக எடுத்துப் பார்த்தார்கள். என்னைப் பொறுத்தவரை அவை ஆவணம் மட்டுமில்லை, வரப்போகும் காலத்துக்கான ஒத்திகையும்தான்.

அந்த ஒத்திகையில் எல்லாருக்கும் இடம் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேணும். வந்தவர்களில் பெரும்பாலானோர் வெள்ளையினப் பெண்கள். பெண்களுக்கு மட்டும் என்ற காணிகள் சில திருநங்கைகளைச் சேர்க்கவில்லை. தென் ஒரேகனின் அந்த மண்ணிலிருந்து டகெல்மா முதலான பூர்வகுடிகள் 1850களில் துரத்தப்பட்டிருந்தார்கள். சுதந்திரம் தேடி வந்த காணியும் யாரிடமோ பறித்த காணிதான்.

ரூத் 2016இல் காலமானார். இண்டைக்கு எங்கட போனுக்கு இருட்டறை தேவையில்லை. ஆனா எடுத்த படம் யாரிட்டப் போய்ச் சேரும் எண்டது எங்கட கையில இல்லை. அதனால நண்பர்களைப் படம் எடுக்கேக்க ரூட்வர்க்ஸ் பெண்கள் கேட்ட கேள்வியை நாங்களும் கேட்பம்: இதை ஆர் பார்க்கலாம் எண்டு நீ நினைக்கிறாய்?